கவுன்சிலர் விட்டுப்போன கயிறு

நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம். நல்ல மழைக்காலம். மூன்றாம் மாடிச் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் மாமனார் தேநீர்க் கோப்பையும் கையுமாகப் பர்மியப் பத்திரிகையை ஓர் எழுத்து விடாமல் படித்துக்கொண்டிருந்தார்.

பால்கனியில் மணி அடித்தது. நீளமாக ஓர் இழுப்பு, அப்புறம் சுருக் சுருக்கென்று இரண்டு.

முன்னறையில் கோப்பை உடைகிற சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் மாமனார் பால்கனிக்கு ஓடியிருந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இடுப்பில் லோஞ்சிக் கைலி நழுவுவதைக்கூடக் கவனிக்காமல் ஒரு கையால் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு கீழே குனிந்தார். மற்றொரு கை சுவரில் இருந்த ஆணியைத் துழாவியது.

அந்த ஆணியில் இரண்டு சாவிகள் தொங்கும். ஒன்று தெருக்கதவுச் சாவி. இன்னொன்று துருப்பிடித்த பழைய சாவி, வீட்டில் எந்தப் பூட்டுக்கும் சேராதது. அவர் விரல்கள் பற்றியது அந்தத் துருச்சாவியை.

கீழே சுரைக்காய் பஜ்ஜி விற்கிற பெண் தலையில் தட்டோடு அண்ணாந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தெருவுக்குப் புதியவள். வாடிக்கை பிடிக்கிற உற்சாகத்தில் கொஞ்சம் ராகமாகவே மணியை இழுத்துவிட்டாள், பாவம்.

"அப்படி அடிக்கச் சொல்லி யாரு சொன்னா உனக்கு?" என்று மாமனார் பர்மியத்தில் கத்தினார். எதிர் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன. அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டினாள்.

மாமனார் சாவியை ஆணியில் மாட்டினார். உள்ளே வந்து, உடைந்த கோப்பையை என்னைத் தொடவிடாமல் தானே பொறுக்கினார். கடைசித் துண்டையும் எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "சாப்டாச்சாம்மா?" என்று கேட்டார்.

நான் இன்னும் வெங்காயமே உரித்து முடிக்கவில்லை. ஆனால் அது அவர் வாயில் வருகிற முதல் வார்த்தை. மின்சார மீட்டர் பார்க்க வருகிறவனிடமும் கேட்பார், சண்டை போட வந்தவனிடமும் கேட்பார். எங்கள் ஊரில் பர்மியர்களும் ஆளைப் பார்த்தவுடன் கேட்பது இதைத்தான். அதனால் அது தமிழர் வழக்கமா, பர்மியர் வழக்கமா என்று நான் ஆராயப் போனதில்லை.

அன்று மாலை என் கணவர் வேலையிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த மாதிரி அடிக்கிறது எங்க தாத்தா மட்டுந்தான். மத்த யாரும் அடிக்கக் கூடாது."

"தாத்தா எங்கே இருக்கார்?"

"அது தெரிஞ்சா அப்பா ஏன் ஓடுறாரு?" என்றார்.

பால்கனியில் தொங்குகிற ஊர்

சென்னையிலும் மதுரையிலும் இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் இந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

யாங்கோனின், அதாவது பழைய ரங்கூனின், நடுநகரில் பழைய மாடி வீடுகளுக்கு லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு ஏணியைப் போலச் செங்குத்தாக இருக்கும். அதனால் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்கும். மேல் நுனியில் மணி, கீழ் நுனியில் பெரிய கிளிப். தயிர்க்காரி வந்தால் கயிற்றை இழுப்பாள், மேலே மணி அடிக்கும். பையைக் கிளிப்பில் மாட்டுவாள், நாம் இழுத்துக்கொள்வோம். விருந்தாளி வந்தாலும் இதே கதைதான்: மேலிருந்து தெருக்கதவுச் சாவியைக் கிளிப்பில் மாட்டி இறக்குவோம், அவர் திறந்துகொண்டு ஏறி வருவார்.

என் கணவர் ஒரு காலத்தில் ஆசைப்பட்டு மின்சார அழைப்பு மணி வாங்கிப் பொருத்தினார். இப்போது மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் தெருப் பிள்ளைகள் எல்லாம் "மீ லாப்பி!" என்று கூவுவார்கள், விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அவர் வாங்கிய மணி சுவரில் அழகாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலை பார்ப்பது என்னவோ கயிறுதான்.

எங்கள் வீட்டுக் கயிற்றில் மட்டும் ஒரு விசேஷம். மற்ற வீடுகளில் கயிற்றைக் கம்பியில் கட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டில் மேலே ஓர் இரும்புக் கப்பி உண்டு, பழைய கிணற்றுக் கப்பி அளவுக்கு. கயிறு அதன் மேல் ஓடும். அரிசி மூட்டையைக்கூட இழுத்துவிடலாம். அந்தக் கப்பியை மாட்டியவர்தான் கவுன்சிலர் பூவராகன், என் கணவரின் தாத்தா.

கோட்டும் தலைப்பாகையும்

அவரை நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு புகைப்படம் பார்த்திருக்கிறேன். கழுத்துவரை பட்டன் போட்ட கோட்டு, பெரிய தலைப்பாகை, யாரோ முக்கியமான ஆள் பேசுவதைப் பொறுத்துக்கொண்டிருக்கிற பார்வை.

அவருடைய அப்பா துறைமுகத்தில் கூலிகளை மேய்த்த மேஸ்திரி. கப்பலின் மேல்தளத்தில் உட்கார்ந்து கடல் தாண்டி வந்தவர். மகனை மிஷன் பள்ளியில் சேர்த்தார். மகன் இங்கிலீஷ் படித்து, அரிசி ஆலையில் குமாஸ்தாவாகி, அங்கிருந்து நகரசபைக்குப் போய், கடைசியில் சட்டசபையில் வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எங்கள் தெருக்காரர்களுக்கு அவர் எந்தச் சபைக்குப் போனாலும் கவுன்சிலர்தான்.

அங்கே போய் அவர் பேசியதெல்லாம் தண்ணீர்க் குழாய் பற்றியும் கக்கூஸ் பற்றியும்தான் என்பார்கள். துறைமுகக் கூலிகள் ஓர் அறையில் முறை வைத்துப் படுத்து எழுந்த காலம் அது. ஒருவன் எழுந்தால்தான் இன்னொருவன் படுக்க முடியும். கூலி லயத்துக்குக் குழாய் வரும்வரை வேறு எதையும் பேசமாட்டேன் என்று இவர் அடம் பிடித்தாராம். நகரை அழகுபடுத்துவது பற்றிக் கருத்துக் கேட்டாலும் எழுந்து நின்று, "முதலில் குழாய்" என்றே ஆரம்பிப்பாராம். குழாய் வந்தது.

இவ்வளவும் பெரிய மனிதர் சமாச்சாரம். வீட்டுக்குள் அவர் வேறு ஆள். ராத்திரியும் பகலும் எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார்.

அரிசி ஆலைகள் உமியைக் கால்வாயில் கொட்டுவதைப் பார்த்துவிட்டு, கூலிகள் காசில்லாமல் சமைக்க உமி அடுப்பு ஒன்று செய்தார். நல்ல எண்ணம். முதல் நாள் எங்கள் வீட்டிலேயே பற்றவைத்தார். அடுப்பு எரிந்ததோ இல்லையோ, புகை மூன்று மாடிக்கும் போய்த் தெருவே இருமியது. தீயணைப்பு வண்டி வந்து நின்றதாம். அடுப்பை அப்புறம் திருத்திவிட்டார் என்பது குடும்பக் கட்சி. இல்லை, திருத்தியது ஆலைக் கருமான் என்பது தெருக்கட்சி.

அடுத்தது விசிறி நாற்காலி. அது இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. சாய்ந்து ஆடினால் தலைக்கு மேல் ஒரு துணி விசிறி அசையும். காற்று வேண்டுமென்றால் ஆட வேண்டும். ஆடினால் வேர்க்கும். வேர்த்தால் காற்று வேண்டும். இதை அவரிடம் எடுத்துச் சொல்லுகிற தைரியம் அந்தக் காலத்தில் யாருக்கும் இருக்கவில்லை போலிருக்கிறது.

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். இப்படிப்பட்ட மனிதர்களை எனக்குப் பிடிக்கும். என் அப்பாவும் ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் என்கிற ஊரின் பள்ளிக்கூடமொன்றில் எழுத்தராக இருந்துகொண்டு, வீட்டில் கடிகாரங்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருப்பார். எங்கள் வீட்டில் ஒரு கடிகாரமும் சரியான நேரம் காட்டியதில்லை. அப்போது ஆற்றுக்குப் பாலம் வரவில்லை. பாலம் வராத ஆற்றைப் படகில் கடந்து, கோயிலுக்குப் போகிற குடும்பத்துக்கு மாதா கோயில் பெண்ணாக நான் வந்து சேர்ந்தபோது, அந்த விசிறி நாற்காலியைப் பார்த்தவுடன் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரிதான் இருந்தது.

தெருவுக்கு இறங்காதவள்

கயிற்றுக்கு வருகிறேன்.

கவுன்சிலரின் மனைவி பெயர் குப்பம்மாள். என் மாமனாரைப் பெற்றபோது அவர்களுக்குக் கால்கள் விளங்காமல் போய்விட்டன. வீடோ மூன்றாம் மாடியில். கணவர் காலையில் போனால் விளக்கு வைத்துத்தான் வருவார். குப்பம்மாள் பால்கனியில் பாய் போட்டு உட்கார்ந்து கம்பி இடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

அவர்களைத் தெருவுக்கு இறக்க வேண்டும் என்றுதான் கவுன்சிலர் ஆரம்பித்தார். பெரிய மரப்பெட்டி, அதற்குள் ஒரு நாற்காலி, மேலே கப்பி, மறுபக்கம் எடைக்குக் கல். பெட்டியில் மனைவியை உட்கார வைத்து மெதுவாகத் தெருவுக்கு இறக்குவது திட்டம். முதலில் அரிசி மூட்டையை வைத்துப் பார்த்தார். மூட்டை இரண்டாம் மாடிவரை மரியாதையாக இறங்கியது. அப்புறம் ஒரேயடியாகத் தெருவுக்குப் போய்விட்டது. தெருவெல்லாம் அரிசி. கோழிகளுக்கு அன்று நல்ல நாள்.

குப்பம்மாள் மேலிருந்து விழுந்து விழுந்து சிரித்தார்களாம். கவுன்சிலர் சிரிக்கவில்லை. பெட்டியைப் பிரித்தார், கல்லை எடுத்தார். மிஞ்சியது கப்பியும் கயிறும். அதில் ஒரு மணியையும் கொக்கியையும் மாட்டினார். மனைவியைத் தெருவுக்கு இறக்க முடியாதவர் தெருவை மனைவிக்கு ஏற்றி அனுப்பினார். பூ வந்தது, மீன் வந்தது, அடுத்த தெருவின் வம்பும் வந்தது. குப்பம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேரம் பேசினார்கள்.

நகரத்தில் எல்லா வீட்டுக் கயிறும் இதைப் பார்த்துத்தான் வந்தது என்று எங்கள் தெருத் தமிழர்கள் சத்தியம் செய்வார்கள். மற்ற தெருக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்குத் தெரியாது. என் மாமனாரிடம் கேட்டால், "கயிறை ஒரு மனுசன் கண்டுபிடிக்கணுமா?" என்று பேச்சை முடித்துவிடுவார்.

கப்பலோடு வருகிறேன்

யுத்தம் வந்தது. குண்டு விழுந்தது. காசுள்ளவர்கள் கப்பல் ஏறினார்கள். கூலிகளுக்குத் துறைமுகக் கதவே திறக்கவில்லை. ஆயிரக்கணக்கான ஜனங்கள் பெட்டி படுக்கையோடு ஆற்றங்கரையில் கிடந்தார்கள் என்று பழைய ஆட்கள் எல்லோரும் சொல்வார்கள்.

கவுன்சிலருக்கு ஒரு கப்பலில் இடம் இருந்தது. சென்னைக்குப் போய் அங்கே பெரிய மனிதர்களைப் பிடித்து, ஏழை ஜனங்களை ஏற்றக் கப்பல் கேட்டு வாங்கிவருவது என்று முடிவு செய்தார். மனைவியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் புக முடியாது. அம்மாவுக்குத் துணையாகப் பையன். அந்தப் பையன்தான் என் மாமனார். அப்போது சின்னப் பிள்ளை.

கிளம்பும்போது கவுன்சிலர் பையனைப் பால்கனியில் நிறுத்திவிட்டுத் தெருவுக்கு இறங்கிக் கயிற்றை இழுத்துக் காட்டினார். நீளமாக ஒன்று, சுருக்காக இரண்டு. "இப்படி அடிச்சா அது நான்தான். வேற யார் அடிச்சாலும் சாவியை இறக்காதே. கப்பலோட வர்றேன்."

அவ்வளவுதான். அவர் வரவில்லை. கப்பலும் வரவில்லை.

அங்கே காய்ச்சலில் போய்விட்டார் என்றார்கள் சிலர். காட்டு வழியாக நடந்தே திரும்பினார், வழியில் செத்தார் என்றார்கள் சிலர். சென்னையில் இன்னொரு குடும்பத்தோடு சுகமாக இருந்தார் என்று சொன்னவர்களும் உண்டு. எதற்கும் சாட்சி இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் குப்பம்மாள் அந்தப் பால்கனியிலேயே கண்ணை மூடினார்கள். பையனை அக்கம்பக்கத்துக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். வேறு வீட்டில் படுக்கக் கூப்பிட்டால் போகமாட்டானாம். மணி அடித்தால் யார் சாவி இறக்குவது என்பானாம்.

பின்னால் தெருக்கதவு மாறியது, பூட்டு பல தடவை மாறியது. அந்தப் பழைய சாவி மட்டும் ஆணியை விட்டு இறங்கவில்லை.

சங்கம் கண்டெடுத்த விஞ்ஞானி

போன குளிர்காலத்தில் ஒரு நாள் மணி அடித்தது, ஒழுங்காக, ஒரே இழுப்பு. எங்கள் தெருத் தமிழர் சங்கத்துச் செயலாளர் முருகேசன் மூச்சு வாங்க ஏறி வந்தார். பலசரக்குக் கடைக்காரர். நல்ல மனிதர். ஆர்வம் வந்துவிட்டால் மட்டும் பிரேக் இல்லாத வண்டி.

"சாப்டாச்சா?" என்றார் மாமனார்.

"ஆச்சு ஐயா. உங்க அப்பாவுக்கு விழா எடுக்கப் போறோம். தெருவிலேயே பந்தல். கயிறு கண்டுபிடிச்ச கவுன்சிலர்னு பேனர். நீங்க வந்து படத்துக்கு முதல் மாலை போடணும்நோ."

இந்த 'நோ'வை இங்கிலீஷ் என்று நினைக்க வேண்டாம். சரிதானே என்று கொஞ்சிக் கேட்கிற பர்மிய வால். எங்கள் ஊர்த் தமிழில் ஒட்டிக்கொண்டு பல காலம் ஆகிறது.

மாமனார் விசிறி நாற்காலியில் மெதுவாக ஆட ஆரம்பித்தார். தலைக்கு மேல் துணி அசைந்தது. முருகேசன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு படத்தை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். கொஞ்ச நாளில் பேனர் வந்தது, நாதஸ்வரத்துக்குச் சொல்லியாயிற்று, எல்லோருக்கும் தேங்காய்ச் சோறும் கறியும் என்று முடிவாயிற்று.

எல்லாவற்றையும் யோசித்தவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. தொண்ணூறு வயது தாண்டிய மனிதர், இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், அந்தப் படிக்கட்டில் இறங்கிப் பல வருஷம் ஆகிறது. முதல் மாலை போட வேண்டியவர் மூன்றாம் மாடியில், படம் தெருவில். இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே படிக்கட்டு மறந்துபோகிற அளவுக்குக் கயிறு பழகிவிட்டது!

நாற்காலி இறங்க மறுத்தது

விழா அன்று காலையில் முருகேசன் நாலு தடியான ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். விசிறி நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்குவது அவர் திட்டம். கவுன்சிலர் செய்த நாற்காலியில் கவுன்சிலரின் மகன், எவ்வளவு பொருத்தம் என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

மாமனார் அந்த நாலு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். எல்லோரிடமும் சாப்டாச்சா என்று கேட்டார். அப்புறம் சொன்னார்: "நாலு பேரு தூக்கி இந்தப் படி இறங்கறது ஒரு தடவைதான் தம்பி. அதுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கு."

முருகேசன் என்னைப் பார்த்தார். "ரோஸ்க்கா, நீங்க சொல்லுங்கக்கா. தன்லியின்லேர்ந்து, கியாக்தான்லேர்ந்தெல்லாம் ஆளுங்க வந்திருக்காங்க."

அவர்களை அனுப்பிவிட்டு மாமனார் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். என் கணவர் போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில். அந்த வீட்டில் நானும் அவரும்தான். அவர் அப்பாவைப் பற்றி அவர் வாயால் நான் எதுவும் கேட்டதில்லை. எல்லாம் மற்றவர்கள் சொன்னதுதான்.

"மாமா, ஒரு மாலைதானே? போட்டா என்ன?"

நாற்காலி ஆடுவது நின்றது.

"அவரு ஊருக்கெல்லாம் கப்பல் கேக்கப் போனாரு. ஊர்க்காரங்க மாலை போடட்டும், நியாயம். எனக்கு என்ன கேக்கப் போனாரு? எங்கம்மா சாவற அன்னிக்குக் கூட கேட்டா. மணி அடிச்சுதாடான்னு. இல்லம்மான்னேன். நல்லா கேளுடான்னா." நாற்காலியை மறுபடி ஆட்டிக்கொண்டே, "நீ போம்மா. கீழே சாப்பாடு ஆறிடும்" என்றார்.

எனக்குக் கவுன்சிலர் மேல் கோபம் கோபமாக வந்தது. இவர் மேலும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே பயம். மருத்துவர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார், நாள் எண்ணிக்கொள்ளுங்கள் என்று. இந்த மனத்தாங்கலோடேயே இந்த மனிதர் போய்விடுவாரோ என்பதுதான் என் பயம். வாசலுக்கு வருகிறவனை எல்லாம் சாப்டாச்சா என்று கேட்டவர் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் பேசாமல் போவது எனக்குத் தாங்காது.

தெருவில்

மன்னிப்புச் சொல்லத்தான் இறங்கினேன். பந்தலுக்குக் கீழே நாற்காலியில் கவுன்சிலர் படம் நிறுத்தியிருந்தது. நாதஸ்வரக்காரர் கிளாஸில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். முருகேசன் கையில் மாலையோடு, வராத மாப்பிள்ளையைத் தேடுகிற பெண் வீட்டார் முகத்தோடு நின்றிருந்தார்.

படத்தைப் பார்த்தேன். அதில் இருப்பவருக்கு என் மூத்த மகனின் இப்போதைய வயதுதான் இருக்கும். கப்பல் கேட்கப் போன மனிதர் இவ்வளவு சின்னவர் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

எங்கள் கயிற்றுக்குப் பூச்சுற்றி வைத்திருந்தார்கள். கை தானாக அதைப் பிடித்தது. இந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் நான் செய்யாத ஒன்றைச் செய்தேன். நீளமாக ஓர் இழுப்பு. சுருக்காக இரண்டு.

தெருவில் பழைய ஆட்களுக்கு விஷயம் தெரியும். பேச்செல்லாம் நின்றது. இரண்டாம் மாடியில் டோ கின் ஏ அம்மா, எங்களுக்கு நாற்பது வருஷத்துப் பர்மிய அண்டை வீட்டுக்காரர், தனகா மரச்சாந்து பூசிய முகத்தோடு பால்கனிக்கு ஓடி வந்து என்னைப் பார்த்து, "உனக்கென்ன பைத்தியமா, மா ரோஸ்?" என்று பர்மியத்தில் கேட்டார்.

மேலே அசைவில்லை. அவர் நெஞ்சுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று படிக்கட்டை நோக்கித் திரும்பினேன்.

அப்போது கயிறு என் கையில் நகர்ந்தது.

கிளிப் மேலே போனது. மூன்றாம் மாடிக் கம்பிக்கு வெளியே ஒரு மெலிந்த கை தெரிந்தது. முகம் தெரியவில்லை. அவர் கீழே எட்டிப் பார்க்கவில்லை. பிறகு கயிறு மெதுவாக இறங்க ஆரம்பித்தது.

தெருக்கதவு அன்று விரியத் திறந்துதான் கிடந்தது. யாருக்கும் சாவி வேண்டியிருக்கவில்லை. கிளிப்பில் வந்தது அந்தத் துருச்சாவி.

அதை எடுத்து என் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். அழுதுகொண்டேதான். "முருகேசா, படத்தைக் கொண்டா" என்றேன்.

"எதுக்குக்கா?"

"அவரால இறங்க முடியாது. இவர் ஏறட்டும்."

முருகேசனுக்கு அரிசி மூட்டைக் கதை ஞாபகம் வந்திருக்க வேண்டும். "கண்ணாடிக்கா! விழுந்தா?" என்று பதறினார். ஆனால் கட்டியதும் அவர்தான். பந்தல் கயிறு, தன் தோள் துண்டு, பேனரின் ஒரு மூலை எல்லாவற்றையும் போட்டுக் கவுன்சிலரைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். நான் கயிற்றை ஒரு தரம் சுண்டினேன்.

படம் தரையை விட்டுக் கிளம்பியது. கப்பி கிறீச்சிட்டது. ஒரு முழம் ஏறும், நிற்கும், மேலே மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கும், மறுபடி ஏறும். நாலு பேரும் ஓடிப்போய் உதவுகிறோம் என்றார்கள். நான் விடவில்லை. முதல் மாடியில் காய்ந்த துணிகளுக்கு இடையே கவுன்சிலர் ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டாம் மாடியில் கம்பியில் இடிக்கப் பார்த்தார். டோ கின் ஏ அம்மா கையை நீட்டி, குழந்தையைத் தள்ளிவிடுவதுபோல் மெல்லத் தள்ளிவிட்டார். நாதஸ்வரக்காரர் வாசிக்க மறந்து அண்ணாந்து நின்றார்.

மனைவியை இறக்குவதற்காக மாட்டிய கப்பிதான் அது. அரிசி மூட்டையைப் போட்டு உடைத்த பிறகு அது ஏற்றிய பெரிய சுமை இதுவாகத்தான் இருக்கும். இந்தத் தடவை அது ஏமாற்றவில்லை.

படம் மூன்றாம் மாடிக் கம்பியைத் தொட்டது. இரண்டு கைகள் வந்து அதை உள்ளே எடுத்துக்கொண்டன. விசிறி நாற்காலி கிறீச்சிடுவது கீழேவரை கேட்டது.

தெருவே காத்துக்கொண்டிருந்தது. மாமனாருக்குக் காது மந்தம், அதனால் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். மூன்று மாடிக்குக் கீழே நின்ற எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"சாப்டாச்சாப்பா?"